சும்மா இருக்க வேண்டிய வருஷம்

யாராவது சும்மா உட்கார்ந்திருந்தால் எனக்குப் பொறுக்காது. என் புருஷன் டுவேன் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சோபாவில் காலை நீட்டினால் ஐந்து நிமிஷத்துக்குள் அவனுக்கு ஒரு வேலை கண்டுபிடித்துவிடுவேன். இருபத்தாறு வருஷமாக அந்த மனுஷன் என்னோடு குடித்தனம் நடத்துகிறான், பாவம். என் மகள் டெலேனியின் படிப்பில் மண்ணைப் போட்டதும் என்னுடைய இந்தக் குணம்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த ரோண்டா சுற்றி வளைத்துக் கடைசியில் சொன்னாள் என்று இன்னொரு பேச்சு வேண்டாம்.

நான் ஒரு பல் டாக்டரின் முன்மேஜையில் பத்தொன்பது வருஷமாக வேலை பார்க்கிறேன். போனை எடுப்பது, நாள் குறித்துக் கொடுப்பது, இன்ஷூரன்ஸ் கம்பெனிகளோடு மல்லுக்கட்டுவது. அந்த மூன்றாவது வேலையில் என்னை அடிக்க எங்கள் மாவட்டத்திலேயே ஆள் கிடையாது. அதில் நான் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்று. இந்தப் பல்லுக்கு உறை போடலாமா என்று முன்னாலேயே போன் பண்ணிக் கேட்டால் கூடாது என்றுதான் சொல்வார்கள். கேட்காமல் போட்டுவிட்டுப் படிவத்தை அனுப்பினால் பத்தில் எட்டு தடவை வாயைத் திறக்காமல் பணத்தை அனுப்பிவிடுவார்கள். அந்த ஆபீஸில் அது சரியான புத்திதான். அதை வீட்டுக்கும் எடுத்துக்கொண்டு வந்ததுதான் வினை.

டெலேனி எங்களுக்கு ஒரே பெண். பதினைந்து வயதில் ஒருநாள் சாப்பாட்டு மேஜையில், தான் சிப்பிகளைப் பற்றிப் படிக்கப் போவதாகச் சொன்னாள். கடல் சிப்பி. எங்கள் ஊர் இல்லினாய்ஸில், கேன்ககீக்குத் தெற்கே முக்கால் மணி நேரத்தில் இருக்கிறது. எந்தப் பக்கம் திரும்பினாலும் சோளமும் சோயாவும்தான். டுவேனுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "ஊரெல்லாம் பன்னி வளக்கறான், எம்பொண்ணு சிப்பி வளக்கப் போறாளாம்" என்று ஒரு வாரம் அவளை ஓட்டிக்கொண்டிருந்தான். அவள் சிரிக்கவும் இல்லை, கோபித்துக்கொள்ளவும் இல்லை. ஒரு சிப்பி ஒரு நாளைக்கு எத்தனை வாளித் தண்ணீரைச் சுத்தம் செய்யும் என்று அவனுக்குக் கணக்குச் சொன்னாள். அடுத்த வருஷமும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் இது விளையாட்டில்லை என்று எனக்கு உறைத்தது.

சிக்கல் என்னவென்றால், எங்கள் மாநிலத்தில் கடல் கிடையாது. கடல் இருக்கிற மாநிலத்தின் அரசுப் பல்கலைக்கழகத்துக்குப் போனால், நீ வெளியூர்க்காரி, உன் அப்பன் இங்கே வரி கட்டவில்லை என்று உள்ளூர்ப் பிள்ளைகளைப்போல் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு கேட்பார்கள். அவ்வளவு பணத்துக்கு நாங்கள் எங்கே போவது? டுவேன் தானியக் கிடங்கில் வேலை பார்க்கிறவன். பள்ளிக்கூடத்தில் கல்லூரி ஆலோசனை சொல்லவென்று ஒரு அம்மாள் இருந்தாள். நானூறு பிள்ளைகளுக்கு அவள் ஒருத்தி. பக்கத்து ஊர்க் கல்லூரியிலேயே உயிரியல் இருக்கிறதே, அதையே படிக்கட்டுமே என்று சொல்லிவிட்டாள். எனக்குச் சுருக்கென்றது. உன் உதவி எனக்கு வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

இந்த வேலையில் நானே இறங்கினேன். பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பும் பெற்றோர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் இணையப் பக்கம் ஒன்று உண்டு. மத்தியானம் டாக்டர் சாப்பிடப் போனதும் அதைத் திறந்துகொண்டு உட்கார்ந்துவிடுவேன். தெற்கே சில மாநிலங்களில் நல்ல மதிப்பெண் வாங்கிய வெளியூர்ப் பிள்ளைகளை இழுக்க ஒரு அட்டவணையே வைத்திருக்கிறார்கள் என்பது அங்கேதான் தெரிந்தது. நுழைவுத் தேர்வில் இத்தனை, பள்ளியில் இத்தனை என்றால் கட்டணத்தில் பாதி தள்ளுபடி. அதற்கு மேல் என்றால் நாலு வருஷத்துக்கும் முழுக் கட்டணமும் தள்ளுபடி. கட்டுரை இல்லை, சிபாரிசு இல்லை. மதிப்பெண் இருந்தால் பணம் உண்டு. அந்தத் தெற்குப் பக்கத்து வளைகுடாக் கரையில் அப்படி ஒரு பல்கலைக்கழகம் கிடைத்தது. அவர்களுக்குச் சொந்தமாகவே ஒரு சிப்பிப் பண்ணை இருந்தது. முழுத் தள்ளுபடிக்கு நுழைவுத் தேர்வில் முப்பத்தாறுக்கு முப்பத்திரண்டு வேண்டும். டெலேனி முதல் தடவை இருபத்தொன்பது எடுத்தாள், அடுத்து முப்பத்தொன்று. மூன்றாவது தடவைக்கு ஒரு கோடைகாலம் பூராவும் அவளை மூச்சுவிட விடவில்லை. முப்பத்திரண்டு வந்தது.

வசந்த விடுமுறையில் பதின்மூன்று மணி நேரம் காரோட்டிப் போய் அந்த இடத்தைப் பார்த்துவிட்டு வந்தோம். மற்ற பிள்ளைகள் விடுதியையும் விளையாட்டு மைதானத்தையும் சுற்றிப் பார்த்தார்கள். இவள் பண்ணையை விட்டு நகரவில்லை. அங்கே வேலை செய்த ஒரு பெண் இவளுக்கு முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் கொடுத்துச் சேற்றில் இறக்கிவிட்டாள். மிளகளவு சிப்பிக் குஞ்சுகளைச் சல்லடையில் அள்ளிக் காட்டினாள். இரண்டு மணி நேரம் கழித்துத் தலை முதல் கால் வரை நாற்றத்தோடு டெலேனி காரில் ஏறினாள். அவள் அவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை. மெம்ஃபிஸ் வரும்வரை பேசினாள். டுவேன் ஜன்னலை இறக்கிவிட்டபடி, சரி போய்த் தொலை, சிப்பியே வள என்றான். அவன் வாயிலிருந்து வந்தால் அதுதான் ஆசீர்வாதம்.

அக்டோபரில் கடிதம் வந்தது. நாலு வருஷத்துக்கும் முழுக் கட்டணம். எனக்குத் தலைகால் புரியவில்லை. வெள்ளிக்கிழமை கால்பந்து ஆட்டத்துக்குப் போனால் ஆட்டத்தை யார் பார்த்தார்கள்? மைதானத்துப் படிக்கட்டில் எனக்கு முன்னும் பின்னும் தாய்மார்கள்தான். எம்பையனுக்கு இத்தனை வந்திருக்கு ரோண்டா, அவனுக்கு எந்த மாநிலம் கொடுக்கும் என்று கேட்பார்கள். நான் சட்டமாக உட்கார்ந்து பதில் சொல்வேன். எங்கள் தெருவில் நாலு வீடு தள்ளியிருக்கும் ஜோலீனின் பையன் அப்போது ஒன்பதாவதில்தான் இருந்தான். அவளும் வந்து கேட்டுக்கொண்டு போனாள். இந்த விஷயத்தைக் கரைத்துக் குடித்தவள் ரோண்டா என்று ஊரே சொன்னது. ஊர் சொன்னதை விட நான்தான் அதை அதிகம் நம்பினேன்.

டெலேனி பள்ளிக்கூடம் முடித்த அந்த ஜூலை மாதம் டுவேன் கிடங்கு ஏணியிலிருந்து விழுந்தான். பன்னிரண்டு அடி. இடுப்பும் தொடையெலும்பும் நொறுங்கிப்போயின. இரண்டு ஆபரேஷன். ஆறு மாசத்துக்கு ஆள் துணையில்லாமல் எழுந்திருக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அக்கம்பக்கத்தார் ஆளுக்கொரு பாத்திரத்தில் ஏதாவது சமைத்துக் கொண்டுவந்து குளிர்பெட்டியை நிரப்பினார்கள். ஆனால் பகலில் அவனைப் பார்த்துக்கொள்ள யார் இருக்கிறார்கள்? நான் வேலையை விட முடியாது. வீட்டின் மருத்துவ இன்ஷூரன்ஸே என் வேலையில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. டெலேனிதான் சொன்னாள், யாரும் கேட்காமலேயே. தான் ஒரு வருஷம் கழித்துப் போவதாகச் சொன்னாள். டுவேன் கூடவே கூடாது என்று படுக்கையிலிருந்தே கத்தினான். அவள் பாட்டுக்குப் பல்கலைக்கழகத்துக்கு எழுதிப் போட்டாள். அவர்களும் நல்ல மாதிரி பதில் எழுதினார்கள். இடமும் உதவித்தொகையும் ஒரு வருஷத்துக்கு அப்படியே இருக்கும், அப்பாவைக் கவனித்துக்கொள் என்று. அதோடு இரண்டு பக்க நிபந்தனைகளும் வந்தன, கையெழுத்துப் போட்டு அனுப்பச் சொல்லி.

அங்கேயே நின்றிருக்கலாம். ஒரு பெண் தன் அப்பாவுக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்து, கையைப் பிடித்து நடக்க வைத்து, மிச்ச நேரம் ஜன்னலோரம் உட்கார்ந்து ஏதாவது படித்துக்கொண்டிருந்தால் என்ன குடியா முழுகிவிடும்? எனக்குப் பொறுக்கவில்லை. டுவேன் மத்தியானம் மருந்து போட்டுத் தூங்கிவிடுவான். நான் வேலை முடிந்து வரும்போது இவள் தாழ்வாரத்துப் படியில் உட்கார்ந்து நாயின் காதைச் சொறிந்துகொண்டிருப்பாள். பார்த்ததும் எனக்கு உள்ளே அரிக்கும். ஒரு வருஷம் வீணாகிறதே, மற்ற பிள்ளைகள் முன்னால் போகிறார்களே என்று. இருபது நிமிஷத் தூரத்தில், உள்ளூர்ப் பிள்ளைகள் குறைந்த கட்டணத்தில் படிக்கிற சமுதாயக் கல்லூரி இருந்தது. செவ்வாயும் வியாழனும் சாயங்காலம் நான் வீட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்து இரண்டு வகுப்பு எடுத்தால் நாளைக்கு அங்கே போனதும் இரண்டு பாடம் குறையுமே என்று கணக்குப் போட்டேன். பள்ளியில் படிக்கும்போதே டெலேனி அதே கல்லூரியில் மூன்று பாடம் படித்திருந்தாள். எங்கள் பக்கத்தில் நன்றாகப் படிக்கும் பிள்ளைகள் எல்லாரும் செய்வதுதான் அது. அந்த மூன்று பாடங்களையும் பல்கலைக்கழகம் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டிருந்தது.

ஆகஸ்டு மாதம், எனக்கு லீவாக இருந்த ஒரு வெள்ளிக்கிழமை காலை. நான் சமையலறையில் பேன்கேக் போட்டுக்கொண்டிருந்தேன். கல்லூரியில் பதிய அன்றுதான் கடைசி நாள். டெலேனி அந்த இரண்டு பக்கத்தையும் கையில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"அம்மா, இதுல ஒரு வரி இருக்கு. இந்த வருஷம் வேற எந்தக் காலேஜ்லயும் சேரக் கூடாதாம்."

"அது உன்னை மாதிரி பிள்ளைங்களுக்கு இல்லடி. இந்த எடத்தைப் பிடிச்சு வச்சுட்டு வேற ஊர் பல்கலைக்கழகத்துக்குப் போறாங்க பாரு, அவங்களுக்குச் சொல்றது. நீ என்ன புதுசா சேரப் போறே? அதே கட்டடம், அதே வாத்தியாரு, உன் பழைய நம்பர்கூட மாறல."

"அப்போ நான் ஸ்கூல்ல இருந்தேன். இப்ப முடிச்சாச்சே."

"ரெண்டு கிளாஸுக்குப் பேரு சேர்றதா?"

"ஒரு போன் பண்ணிக் கேட்டுடறேனே. ரெண்டு நிமிஷம்."

கரண்டியைக் கையில் பிடித்தபடி நான் சொன்னது இப்போதும் என் காதில் அப்படியே இருக்கிறது. "கேக்காதே. கேட்டா இல்லைன்னுதான் சொல்லுவாங்க. பதினாறு வருஷமா இந்த ஆபீஸ்காரங்களோடதான் பொழப்பு நடத்தறேன், எனக்குத் தெரியாதா? கேக்காம செஞ்சா கண்டுக்கவே மாட்டாங்க."

டெலேனி எதிர்த்துப் பேசுகிற பெண் இல்லை. சரி என்று காகிதத்தை மடித்தாள். சாப்பிட்டுவிட்டுப் போய்ப் பதிந்துவிட்டு வந்தாள். புள்ளியியல் ஒன்று, கட்டுரை எழுதும் வகுப்பு ஒன்று. இரண்டிலும் டிசம்பரில் முதல் தரம் வாங்கினாள். நான் பல் பிடுங்க வந்தவர்களிடம்கூடச் சொன்னேன், எம்பொண்ணு அப்பாவைப் பார்த்துக்கொண்டே படிக்கிறாள், ஒருநாள் வீணாக்கவில்லை என்று. வாய் நிறையப் பஞ்சோடு இருந்தவர்கள் என்ன சொல்ல முடியும், தலையை ஆட்டினார்கள்.

மார்ச்சில் பல்கலைக்கழகம் ஒரு படிவம் அனுப்பியது. பள்ளி முடித்தபின் வேறு எங்காவது படித்தாயா என்று ஒரு கேள்வி. டெலேனி ஆம் என்று எழுதிச் சான்றிதழையும் சேர்த்து அனுப்பிவிட்டாள். பத்து நாளில் பதில் வந்தது. பள்ளி முடித்தபின் வேறு கல்லூரியில் படித்ததால் இனி நீ புதுமுக மாணவி இல்லை, மாற்றலாகி வரும் மாணவி. அதனால் புதுமுக மாணவர்களுக்கான உதவித்தொகை உனக்குப் பொருந்தாது. மாற்றலாகி வருகிறவர்களுக்கு என்று ஒன்று உண்டு, அதைத் தருகிறோம். அந்தத் தொகையைப் பார்த்தேன். புத்தகம் வாங்கலாம், விடுதியில் ஒரு மாசம் சாப்பிடலாம்.

அந்தப் படிவத்தில் ஆம் என்று எழுத உன்னை யார் சொன்னது என்று அவளிடம் கேட்டுவிட்டேன். நானே அதைக் கேட்டேன், பெற்ற தாய். அவள் என்னை நிமிர்ந்து பார்த்து, படிச்சேனே அம்மா என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் ஆபீஸிலிருந்து போன் போட்டேன். எடுத்தவள் தெற்கத்திக்காரி, இழுத்து இழுத்துப் பேசினாள். முழுக்கக் கேட்டாள், நடுவில் ஒரு தடவைகூட மறிக்கவில்லை. இன்ஷூரன்ஸ்காரர்களிடம் நான் போடுகிற சத்தத்தையெல்லாம் அவளிடமும் போட்டேன். பிறகு கெஞ்சினேன். மேலிடத்துக்கு எழுதுங்கள், நானும் சொல்லிப் பார்க்கிறேன் என்றாள். கடைசியில் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டாள்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. ஆகஸ்டுலயே எங்களுக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமே? வேண்டாம்னு சொல்லியிருப்போம். எத்தனையோ பேரு கேப்பாங்க, சொல்லுவோம். அதுக்குத்தானே உக்காந்திருக்கோம்."

எனக்கு எதிரே ஒரு கிழவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். போனை வைத்துவிட்டு அவருக்கு நாள் குறித்துக் கொடுத்தேன். மேலிடத்துக்கு மூன்று கடிதம் எழுதினேன். மூன்றுக்கும் மரியாதையாக முடியாது என்று பதில் வந்தது. கடன் வாங்கிக்கொள்ளலாம் என்று டெலேனியிடம் சொன்னேன். சிப்பி வளர்க்கிறவளுக்கு என்ன சம்பளம் வரும், நாற்பது வயது வரை அதைக் கட்டிக்கொண்டிருக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அதுவும் நான் சொல்லிக்கொடுத்ததுதான்.

டுவேனிடம் நான் என்ன சொன்னேன்? ஒரு வருஷம் தள்ளிப் போட்டதில் ஏதோ விதி இடிக்கிறதாம், உதவித்தொகை போய்விட்டது என்றேன். ஏதோ விதி. என் புத்தியைச் செருப்பால்தான் அடிக்க வேண்டும். அவன் அப்போது தடியை ஊன்றி நடக்க ஆரம்பித்திருந்தான். தடியைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தான். "நான் விழுந்ததாலதானே" என்றான். நான் அவன் தோளில் கை வைத்தேன். இல்லை என்று சொல்லவில்லை. அன்று சொல்ல வாய் வரவில்லை, நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். ஒருநாள் சொல்லாமல் விட்டால் மறுநாள் அது இரண்டு மடங்கு கனக்கிறது. ஒரு மாசம் ஆனால் தூக்கவே முடிவதில்லை.

அந்த ஈஸ்டருக்கு டுவேனின் அண்ணன் குடும்பம் சாப்பிட வந்தது. ஏன் டெலேனி தெற்கே போகப்போவதில்லை என்று அண்ணி கேட்டாள். என் கால் சறுக்கியதில் என் பொண்ணு படிப்பு போச்சு என்று டுவேன் சொன்னான். எல்லாரும் அவனுக்கு ஆறுதல் சொன்னார்கள். நான் உருளைக்கிழங்குப் பாத்திரத்தை அடுத்தவருக்கு நகர்த்திக்கொண்டிருந்தேன். எதிரே டெலேனி தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு சர்ச்சில், முடிவெட்டும் கடையில், கிடங்கு ஆட்கள் பார்க்க வந்தபோது, என்று எத்தனையோ தடவை என் முன்னாலேயே அவன் அதைச் சொன்னான். ஒவ்வொரு தடவையும் எனக்கு ஏதோ ஒரு வேலை இருந்தது.

டெலேனி அதே சமுதாயக் கல்லூரியில் எக்ஸ்ரே எடுக்கிற படிப்பில் சேர்ந்தாள். இரண்டு வருஷம். முடித்ததும் கேன்ககீ ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. கெட்டிக்காரி, நோயாளிகளுக்கு அவளைப் பிடிக்கும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். சிப்பியைப் பற்றி அவள் பேசி இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது.

போன ஜூனில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஜோலீன் ஸ்ட்ராபெர்ரி கூடையோடு வந்தாள். அவள் பையன் வெஸ்லி பள்ளி முடித்திருந்தான். நான் கால்பந்து மைதானத்துப் படிக்கட்டில் உட்கார்ந்து சொன்ன யோசனைப்படி அயோவாவில் ஒரு அரசுப் பல்கலைக்கழகம் அவனுக்கு நல்ல தொகை கொடுத்திருந்தது. நன்றி சொல்லத்தான் வந்தாள். டுவேன் மேஜையில் தூண்டில் சக்கரத்தைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இப்போதும் தடி இல்லாமல் தூரம் நடக்க மாட்டான்.

பேச்சுவாக்கில் ஜோலீன் சொன்னாள், வெஸ்லி ஒரு வருஷம் மாமாவின் பண்ணையில் இருந்துவிட்டுப் போகிறேன் என்கிறானாம், பல்கலைக்கழகமும் சரி என்றுவிட்டதாம். "ஆனா ஒரு வருஷம் மாடு மேச்சுட்டே இருந்தா புத்தி மழுங்கிடும்ல? நம்ம காலேஜ்ல ரெண்டு கிளாஸ் போட்டு வச்சிருக்கேன். நீகூட டெலேனிக்கு அப்படித்தானே பண்ணினே?"

அதெல்லாம் எதற்கு, அங்கே ஒரு தடவை விசாரித்துக்கொள், ஏதாவது விதி இருக்கும் என்று மென்று விழுங்கினேன். விசாரிச்சா வேண்டாம்னுதான் சொல்லுவாங்கன்னு நீதானே சொல்லுவே என்று ஜோலீன் சிரித்தாள். ஊருக்கெல்லாம் அதையும் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். டுவேன் திருப்புளியைக் கீழே வைத்தான். என் முகத்தைப் பார்த்தான்.

"போடாதே ஜோலீன்" என்றேன். "அந்த ரெண்டு கிளாஸாலதான் டெலேனி ஸ்காலர்ஷிப் போச்சு. இவன் விழுந்ததால இல்ல. ஒரு வருஷம் தள்ளிப் போட்டதுக்கு அவங்க ஒண்ணுமே சொல்லல. சும்மா இருந்திருந்தா போதும். அவ போன் பண்ணிக் கேக்கறேன்னா. நான்தான் கேக்க விடல."

ஜோலீன் கூடையை மேஜையில் வைத்துவிட்டு நிமிர்ந்தாள். டுவேனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். திங்கட்கிழமை முதல் வேலையாக அந்த வகுப்புகளை ரத்து செய்துவிடுகிறேன் என்று முணுமுணுத்துவிட்டுப் போனாள். போகும்போது வாசல் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள்.

டுவேன் கத்துவான் என்று நினைத்தேன். கத்தட்டும், தடியை எடுத்து வீசட்டும் என்று நின்றேன். அவன் சக்கரத்தின் சின்னச் சின்னத் திருகுகளை ஒரு மூடியில் போட்டுக்கொண்டிருந்தான்.

"எனக்குத் தெரியும்" என்றான்.

"என்ன தெரியும்?"

"எல்லாம். அந்த மார்ச்லயே. டெலேனி சொன்னா. என்னை ஆஸ்பத்திரிக்கு நடை பழகக் கூட்டிட்டுப் போவால்ல, அப்ப கார்ல. நான் அழுதுட்டேன் ரோண்டா. என்னாலதானே உனக்கு இப்படின்னு. அதைப் பாக்க முடியாம சொன்னா. அம்மாகிட்ட கேக்காதேப்பா, அவளே சொல்லுவான்னா."

"பின்ன எதுக்கு ஊரெல்லாம் உன்னாலன்னு சொல்லிட்டுத் திரிஞ்சே?"

"மொதல்ல உன்னை விட்டுக் கொடுக்க வேண்டாமேன்னு" என்றான். மூடியை மெல்ல நகர்த்தினான். "அப்புறம், நீ சொல்லுவேன்னு. எப்ப சொன்னாலும் உன் மூஞ்சியத்தான் பாப்பேன். இல்ல டுவேன், அது நான் பண்ணினதுன்னு ஒரு தடவை சொல்ல மாட்டியான்னு. நீ எந்திரிச்சுப் பாத்திரம் கழுவப் போயிடுவே."

ஈஸ்டர், சர்ச், முடிவெட்டும் கடை என்று எனக்கு வரிசையாக ஞாபகம் வந்தது. அவ்வளவு தடவை எனக்காக வாசலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான் இந்த மனுஷன். நான் அவனுக்கு மனசில் குற்ற உணர்ச்சி என்று நினைத்துப் பரிதாபப்பட்டுக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது. அழுகை வந்தது, அழுதேன்.

டெலேனிக்கு அன்று பகல் வேலை. நாலரை மணிக்கு நீலச் சீருடையோடு வந்தாள். செருப்பைக்கூடக் கழற்ற விடாமல் அவளைப் பின்வாசலில் நிறுத்திச் சொன்னேன். ஜோலீன் வந்ததிலிருந்து சொன்னேன். நான்தான் உன்னைக் கேட்க விடாமல் தடுத்தேன், அந்தப் படிவத்துக்காக உன்னையே குற்றம் சொன்னேன், உன் அப்பா பழியைச் சுமக்கும்போது வாயை மூடிக்கொண்டிருந்தேன், எல்லாவற்றுக்கும் என்னை மன்னித்துவிடு என்றேன். இரண்டு வருஷமாகத் தொண்டையில் நின்றது மூன்று நிமிஷத்தில் முடிந்துவிட்டது.

அவள் பையைத் தோளிலிருந்து இறக்கினாள். "அப்பவே சொல்லியிருந்தா உங்கூட நல்லா சண்டை போட்டிருப்பேம்மா" என்றாள். "ஒரு மாசம் உங்கிட்ட பேசியிருக்க மாட்டேன். அதுக்கப்புறம் சரியாப் போயிருக்கும். நான் ரொம்ப நாள் அதுக்குத்தான் காத்துட்டிருந்தேன்."

"இப்ப போடு" என்றேன். "இப்பவாவது என்னைத் திட்டுடி."

டெலேனி நிஜமாகவே யோசித்தாள். எங்கேயோ வைத்துவிட்டு வந்த சாமானைத் தேடுகிற மாதிரி என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"வரலம்மா" என்றாள். குளித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனாள்.